சுண்ணாம்பு அடித்த பாறைகள்

என் ஜன்னல் விளிம்பில் ஒரு கல் இருக்கிறது. இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய கல். ஒரு பக்கம் ஆட்டுக் குளம்பு போலப் பிளந்திருக்கும். மேலெல்லாம் சுண்ணாம்பு, அதன்மேல் சுண்ணாம்பு, அதற்கும் மேல் சுண்ணாம்பு. பழைய கரண்டியால் நான் சுரண்டிய மூலையில் மட்டும் கொஞ்சம் கருமை தெரிகிறது, அதில் இரண்டு சிவப்பு முத்துகள். வீட்டுக்கு வருகிறவர்கள் "சாமிக் கல்லுங்களா?" என்று கேட்கிறார்கள். சாமியுமில்லை, பூதமுமில்லை. எங்கள் தலைமையாசிரியரின் ஞாபகார்த்தம் அது. அந்த மனிதரை நினைக்க எனக்கு ஆசையொன்றும் கிடையாது. கல்தான் நினைக்க வைக்கிறது.

இலங்கைத் தேயிலை மலையில், தலவாக்கலைக்குப் பக்கத்தில், எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிற பள்ளிக்கூடம் எங்களுடையது. அறுபதுகளின் தொடக்கம். பூமியைப் பற்றிய பாடத்தை எட்டாம் வகுப்புக்குத் தலைமையாசிரியரே எடுத்தார். எடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் புத்தகத்தை வாசிப்பார், நாங்கள் எழுதுவோம், அவ்வளவுதான். வருடத்துக்கு வசந்தம், கோடை, இலையுதிர், மாரி என்று நாலு பருவம் என்றார். எங்கள் ஊரில் மழை உண்டு, பனி உண்டு, இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. ஒருத்தி துணிந்து, "நம்ம ஊருக்கு இலையுதிர் எப்பங்க சேர் வரும்?" என்று கேட்டாள். "பரீச்சைக்கு வரும், எழுது" என்றார். மழை எப்படி உண்டாகிறது என்ற பாடத்தன்று வெளியே கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். "ஜன்னலச் சாத்துங்க! மழையப் பத்திப் பாடம் நடக்குதுல்ல?" என்று அதட்டினார். மண்ணரிப்புப் பாடத்தின் நடுவே மேட்டுச் சேறு வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. எங்களை விட்டே அதை அள்ளிக் கொட்டச் செய்துவிட்டு, விட்ட வரியிலிருந்து வாசிப்பைத் தொடர்ந்தார். அந்த மனிதருக்கு ஆண்டவன் கண் என்று இரண்டை எதற்குக் கொடுத்தானோ!

இத்தனைக்கும் அவர் வெளியூர்க்காரர் இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரின் மகன். ஆனால் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த எங்களைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பார். "லயத்துப் புள்ளைகளுக்கு எதுக்கு சயன்ஸ்?" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருந்த பேச்சு.

அப்போதுதான் செய்தி வந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற வித்தியாதரிசி வரப்போகிறார்; அவருக்குத் திருப்தியானால் எங்களுக்கு மேல் வகுப்பு கிடைக்கும். எனக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். அப்பா முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தார்: "இங்கயே மேல் வகுப்பு வந்தா படி. வரலேன்னா தோட்டத்துல பேரப் பதிஞ்சிட்டு மலைக்குப் போ. அட்டன் பள்ளிக்கூடத்துக்குத் தெனம் பஸ்ஸுல அனுப்ப நம்மளால முடியாது." மலைக்குப் போவதென்றால் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவது. அம்மா அந்த வேலையில் பட்ட பாட்டைத் தினமும் பார்த்தவள் நான்.

உள்ளூர்ப் பாறைகளைப் பிள்ளைகள் சேகரித்துக் காட்ட வேண்டுமாம். "ஆளுக்கு ஒரு கல்லு கொண்டாங்க" என்றார் தலைமையாசிரியர். அவருக்குத் தெரியாமலேயே அவர் எங்களுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. நாங்கள் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரை, பாலத்தடி, வெடிவைத்து ரோட்டை அகலப்படுத்திய இடம் என்று அலைந்தோம். பாலாக வெளுத்த வெங்கச்சாங்கல் கிடைத்தது. ஏடு ஏடாக உரிகிற காக்காப்பொன் கிடைத்தது. ரோட்டோரத்தில் எனக்கு இந்தக் கல் கிடைத்தது. கருங்கல்லில் மாதுளை முத்தைப் பதித்தாற்போல் உள்ளெல்லாம் செம்மணி. அதைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தேன். புத்தகத்தில் தேடினோம். பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து மாறிய பாறை, உருமாறிய பாறை! நான் தினமும் மிதித்து நடக்கிற மலைக்குள் இவ்வளவு நடந்திருக்கிறதா என்று எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. பெயரெழுதிய தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி, மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனோம்.

மறுநாள், வித்தியாதரிசி வருகிற நாள், காலை வந்து பார்த்தால் அத்தனை கல்லும் வெள்ளை வெளேர் என்று உட்கார்ந்திருக்கின்றன!

பெரிய துரை வருகிறார் என்றால் தோட்டத்தில் ஆபீஸ் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். தலைமையாசிரியருக்கு வித்தியாதரிசியும் துரைதான். வாளியும் மட்டையுமாக நின்று, காக்காப்பொன், வெங்கச்சாங்கல், என் செம்மணி எதையும் விடாமல் பூசித் தள்ளியிருந்தார். நாங்கள் ஒட்டிய தாளெல்லாம் சுண்ணாம்புக்குள் போயிருந்தன. மூன்று அட்டை எழுதி வைத்திருந்தார். பெரிய கல்லெல்லாம் தீப்பாறை, நடுத்தரம் அடையற்பாறை, சின்னதெல்லாம் உருமாறிய பாறை. "எல்லாக் கல்லும் ஒண்ணாயிருச்சே, சேர்" என்றேன். "ஒண்ணா இருந்தாத்தான் ஒழுங்கு. ஒனக்கென்ன தெரியும்?" என்றார். அட கடவுளே! மலை உருகிக் கொதித்து மாறியதையெல்லாம் ஒரு வாளிச் சுண்ணாம்பில் முடித்துவிட்டார் மனிதர்.

நான் என் கல்லைத் தூக்கிக்கொண்டு, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு ஓடி, கை எரிய எரியத் தேய்த்துக் கழுவினேன். வித்தியாதரிசி மேசைக்கு வந்ததும் முன்னால் போய் நீட்டினேன். "சேர், இது உருமாறிய பாறைங்க. இந்தச் செகப்பு செம்மணிங்க." அவர் குனிந்து பார்த்தார். பார்த்தார்! பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பி, "இதுக்கு மட்டும் ஏன் வெள்ளை அடிக்கல்ல?" என்று கேட்டார்.

"விட்டுப்போச்சுங்க, சேர். இந்தா, இப்பவே அடிச்சிர்றேன்" என்று என் கையிலிருந்து பிடுங்கி, என் கண்ணெதிரேயே வாளிக்குள் முக்கி எடுத்தார் எங்கள் தலைமையாசிரியர். முழுக்கைச் சட்டை நனைந்ததைப் பற்றிக்கூட அவருக்குக் கவலையில்லை. வித்தியாதரிசி சிரித்தார். இரண்டு பேருமாகத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

பள்ளிக்கூடம் மிகச் சுத்தமாக இருக்கிறதென்று பாராட்டு வந்தது. பிள்ளைகளுக்கு விஞ்ஞான அறிவு போதாது, ஆகவே மேல் வகுப்பு இப்போதைக்கு இல்லை என்றும் வந்தது. தலைமையாசிரியருக்கு நுவரெலியாவில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. போகிற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். அந்த மாலையைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி என்பதை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. அடுத்த வாரம் அப்பா என் பேரைப் பதிந்தார். முதுகு வளையும்வரை கொழுந்து பறித்தேன். எட்டாம் வகுப்புப் படிப்போடு, மளிகை சுற்றி வந்த தாளைக்கூட விடாமல் படித்தேன். அந்த ஆளைப் பொறுக்க மட்டும் நான் எங்கேயும் படிக்கவில்லை.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரர் மகளை அதே பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பில் சேர்க்கப் போனபோது துணைக்குப் போனேன். இப்போது மேல் வகுப்பெல்லாம் வந்துவிட்டது. வாசலில் பூப்பாத்தி. அதைச் சுற்றி வரிசையாக வெள்ளைக் கற்கள். ஒன்றில் ஆட்டுக் குளம்புப் பிளவு. எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? குடை நுனியால் நெம்பி எடுத்தேன். ஓர் இளம் ஆசிரியை பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ அம்மா, அதத் தொடாதீங்க! நாளைக்குக் கல்வி அதிகாரி வர்றாங்க. இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சோம், இன்னும் காயல."

"அடிச்ச வரைக்கும் போதும் தாயி. இது என் கல்லு" என்றேன். ஈரச் சுண்ணாம்பு சேலையெல்லாம் ஒட்ட, மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சுரண்டச் சுரண்டச் சுண்ணாம்பே வருகிறது. இரண்டு முத்துதான் இதுவரை வெளியே வந்திருக்கிறது. மீதியையும் பார்க்காமல் நான் சாகப்போவதில்லை.