ஆட்டுக்குட்டியின் தாடையில் அடைத்த களிமண்

முருகேசன் சார் ஆட்டுக்குட்டியின் தாடைக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து அழுத்தினார். பிறகு நகத்தால் தட்டினார். தப்பு மேளத்தைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அக்கா, உள்ள காத்து நிக்குது. தோல் ஒட்டல" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அதுவரை நான் பாடம் செய்து நிறுத்தியிருந்த அந்தக் குட்டியைப் பார்த்த எல்லாரும் உயிரோடு நிற்பது போல இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முருகேசன் சார் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவருக்கும் பார்வை கிடையாது. நான் வேலையில் இருந்தபோது ஒருமுறை பிள்ளைகளை எங்கள் துறையின் மியூசியத்துக்கு அழைத்து வந்தார். அங்கிருந்த பழைய உருவங்கள் எல்லாம் ஆர்சனிக் தடவிப் பதப்படுத்தியவை. விஷம் என்பதால் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

"அப்ப எங்க புள்ளைக கண்ணாடியத் தடவிட்டுப் போகவா இம்புட்டுத் தூரம் வந்துச்சுக?" என்று கேட்டார்.

"விஷம் இல்லாம நான் ஒண்ணு செஞ்சு தாரேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு முன் கோழியும் புறாவும்தான் செய்திருந்தேன். பறவையில் சின்னத் தப்பு நடந்தால் இறகு மூடிவிடும். ஆடு அப்படியல்ல.

காட்டு விலங்கு எதையும் நான் தொடுவதில்லை. அது வனத்துறை விவகாரம். திருவாதவூரில் ஆடு வளர்க்கும் பஞ்சவர்ணம் என்ற பெண்ணின் குட்டி ஒன்று நோயில் செத்துப்போனதாகச் சேதி வந்தது. தொற்று எதுவும் இல்லை என்று கால்நடை டாக்டர் சொன்ன பிறகு போனேன்.

"பொதைக்கத்தான் போறேன். புள்ளைக தொட்டுப் பாக்கும்னா எடுத்துக்கங்கம்மா" என்றார் அவர்.

தோலை உரிக்கும் முன் டேப்பால் அளந்தேன். மூக்கு நுனியிலிருந்து கண், கண்ணிலிருந்து காது, கழுத்துச் சுற்று, மார்பு, வயிறு. உடலைச் சார்ட் தாளில் படுக்க வைத்துக் கோடும் போட்டுக்கொண்டேன். தோலுக்கு உப்புப் போட்டு, பதனிடத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன்.

தோலுக்குள் நிற்கும் பொய்யுடலுக்கு ஃபார்ம் என்று பெயர். கெட்டியான ஃபோமில் அதைச் செதுக்கி, கால்களுக்கு இரும்புக் கம்பி கொடுத்தேன். தலையைச் செதுக்கும்போது கத்தி அதிகமாக இறங்கி, தாடை சூம்பிவிட்டது. வேறு தலை செதுக்கியிருக்க வேண்டும். களிமண்ணால் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைத்தேன்.

விளாச்சேரியில் பொம்மை செய்பவர்களிடம் வாங்கிய களிமண். அதில் ஊறவைத்த காகிதக் கூழும் மரவேலைக்கான வெள்ளைப் பசையும் சேர்த்து, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்தேன். கண்ணாடிக் கண்ணைப் பதிக்க, இமைக்குத் திரி போல உருட்டி வைத்தேன். உதட்டுக்கும் மூக்குக்கும் கொஞ்சம். தாடையில் மட்டும் இரண்டு விரல் கனத்துக்கு அப்பினேன். ஃபார்ம் முழுக்கப் பசை தடவித் தோலைப் போர்த்தி, வயிற்றுப் பக்கம் தைத்து, பள்ளமான இடங்களில் குண்டூசி குத்திக் காயவிட்டேன்.

காய்ந்ததும் நல்ல அழகு. ஆனால் ஈரக் களிமண் காயும்போது சுருங்கும். கனமாக அப்பிய இடத்தில் அது தோலை விட்டு உள்ளே போய்விட்டது. மேலே முடி மறைத்துக்கொண்டது. முருகேசன் சாரின் விரலிடமிருந்து மறைக்க முடியவில்லை.

மறுவாரம் பள்ளியில் ஒப்படைக்கும் விழா. அழைப்பிதழ் போய்விட்டது. துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"பாக்க நல்லாத்தானம்மா இருக்கு? குடுத்துருவோம்" என்றார்.

"சார், அவங்க பாக்க மாட்டாங்க. தொடுவாங்க."

"பிரின்சிபால்ட்ட யாரு பதில் சொல்றது?"

"நானே சொல்றேன் சார். இத இப்படியே குடுக்க மாட்டேன்."

அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. போனை எடுத்து விழாவைத் தள்ளி வைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஈரத்துணி சுற்றித் தோலை இளக்கினேன். தையலைப் பிரித்துத் தலை வரைக்கும் தோலை உரித்தேன். களிமண் ஓடு ஓடாகக் கையோடு வந்தது. சார்ட் தாளை எதிரில் ஒட்டி வைத்துப் புதுத் தலை செதுக்கினேன். இந்தத் தடவை தாடையெலும்பின் விளிம்பே ஃபோமில் இருந்தது. களிமண் கண், உதடு, மூக்கு இவற்றுக்கு மட்டும். பசை தடவித் தோலைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு மூக்கிலிருந்து வால்வரை அழுத்திப் பார்த்தேன். காயும்வரை தினமும் அதையே செய்தேன்.

விழாவுக்குப் பஞ்சவர்ணமும் வந்திருந்தார். முதலில் தொட வந்தவள் ரேவதி. திருப்பரங்குன்றம் பக்கம் ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண், ஆறாவது படிக்கிறாள். காதை மடக்கிப் பார்த்தாள். தாடையெலும்பைக் கடைசிவரை தடவினாள். அவள் கை விலாவைத் தாண்டி வயிற்றில் போய் நின்றது.

"சார், இது வயிறு ஒட்டிக் கெடக்கு. பால் குடிக்கலயா?"

பஞ்சவர்ணம் முன்னால் வந்தார்.

"ஆமா தாயி. கடைசி ரெண்டு நாளு காம்பத் தொடவே இல்ல."

அது எனக்கே அன்றுதான் தெரியும். டேப் காட்டிய அளவைச் செதுக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். களிமண் ஒரு விரல் கனத்துக்கு மேல் கேட்டால் உங்கள் ஃபார்ம் தப்பு. மண்ணைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.