மஞ்சள் முடிச்சும் ஒரு மலையும்

மயிலாப்பூரில் ஒருவன் ஊரைவிட்டுக் கிளம்ப அந்தக் காலத்தில் நான்கு காரணங்கள்தாம் அனுமதிக்கப்பட்டிருந்தன. கல்யாணம், சாவு, கோயில், இண்டர்வியூ. ஐந்தாவது ஒன்று உண்டு என்பதை எனக்குத் தெரிவித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பரட்டைத் தலையும் முதுகில் மூட்டையுமாகக் குளக்கரைப் பக்கம் அலைந்துகொண்டிருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் தோளைக் குலுக்கினார்கள். தெற்கு மாட வீதியில் நான் அப்படிக் குலுக்கியிருந்தால் சுளுக்கு என்று சொல்லித் தைலம் தேய்த்திருப்பார்கள்.

ஆகவே நானும் ஒரு மலை ஏறுவது என்று முடிவு செய்தேன். எதற்கும் இல்லை, சும்மா. துணைக்குக் கல்லூரித் தோழன் வந்தான். மந்தைவெளி சைக்கிள் கடைக்காரர் மகன். பயிற்சிக்குச் சென்னையில் மலை கிடையாது. பரங்கிமலையை மலை என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. அதில் படியேறி, உச்சியில் கடலை தின்று, படியிறங்கி, மலையேறிகள் ஆனோம். மூர் மார்க்கெட்டில் பழைய ராணுவப் பை ஒன்று மலிவாகக் கிடைத்தது. யாரோ ஒரு சிப்பாயின் வியர்வை அதில் இலவசம்.

தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சிகரம். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த மாதமே அங்கே ஒருவர் ரிசார்ட் கட்டுவார்.

அம்மாவுக்கு இந்த 'சும்மா' விளங்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சும்மா யாராவது மலை ஏறுவாளா? போறதுதான் போறே, வேண்டிண்டு போ."

என்ன வேண்டுதல் என்பதையும் அவளே முடிவு செய்தாள்: எனக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும். குமாஸ்தா உத்தியோகத்தில் என் நாற்காலி அப்போதுதான் சூடாகத் தொடங்கியிருந்தது. ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, உச்சியில் எந்தச் சாமி இருக்கிறதோ அதன் காலடியில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். எந்தச் சாமி என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்று இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் ரேஷன் கடை வரிசையில் எதிர்வீட்டு மாமா, பெண் எந்த ஊர்ப் பக்கம் என்று என்னை விசாரித்தார்.

விஷயம் எளிது. முடிச்சை மேலே வைத்தால் மலை அம்மாவுடையது. வைக்காமல் திரும்பினால், பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு காரியம் என்னுடையது.

எழும்பூரிலிருந்து முன்பதிவில்லாப் பெட்டியில், கழிவறைக் கதவுக்கு அருகே, உலகம் சுற்றும் சுதந்திரத்தோடு குந்திக்கொண்டு போனோம். முதுகில் பை, தலையில், அம்மாவின் கட்டாயத்தால் வந்த ஹோல்டால் படுக்கைச் சுருள். அடிவாரத்து டீக்கடையில் எங்களை ஜமக்காள வியாபாரிகள் என்று நினைத்து விலை கேட்டார்கள்.

காடு ஈரமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மழை நின்ற பின்னும் இலையிலிருந்து இலைக்கு மழை. வேர்கள் படிகளாக இருந்தன, நம்பிக் கால் வைக்கும்வரை. நனைந்த ஹோல்டால் ஒரு பிணத்தின் கனம் கனத்தது. வழியில் ஒரு பாறையிடுக்கில் அதை அடக்கம் செய்துவிட்டு ஏறினோம். அட்டைகள் மட்டும் மனதார வரவேற்றன. அந்தப் பயணத்தில் காரணம் கேட்காமல் என்னோடு ஒட்டிக்கொண்ட உயிர்கள் அவைதாம். தோழன் பீடி நெருப்பால் ஒவ்வொன்றாகச் சுட்டு உதிர்த்தான்.

"புளியோதரை ரத்தம் மச்சி. என்னிய வுட்டுட்டு உன்னியவே தேடிக்கினு வருது பாரு."

உச்சியில் மேகம். நான் காண வந்த உலகம் வெள்ளை வேட்டியைத் தலைவரை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தது. பாறைமேல் துருப்பிடித்த ஒரு வேல். தமிழ்நாட்டில் உச்சியைக் காலியாக விட்டுவைக்கும் வழக்கம் இல்லை. வேலின் கழுத்து நிறைய மஞ்சள் முடிச்சுகள். வெயிலில் வெளுத்தவை, மழையில் கறுத்தவை. எத்தனை அம்மாக்கள் ஏறாமலே இங்கே ஏறியிருக்கிறார்கள்.

கட்டிவிட்டு வா, மழை வருகிறது என்றான் தோழன். மாட்டேன் என்று தொடங்கி, தனிமனித சுதந்திரம் பற்றி நீளமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப இன்னாத்துக்கு இம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்தே? கீழயே கடாசியிருக்கலாமே."

முடிச்சு சட்டைப்பைக்குள் என் உடம்புச் சூட்டில் ஈரமாக இருந்தது. அப்போது மேகம் சற்றே கிழிந்தது. கீழே காடு, அதற்கும் கீழே, வெயில் விழுந்த ஒரு துண்டு வயல். தோளைக் குலுக்கிப் பார்த்தேன். யாரும் தைலம் கொண்டுவரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முடிச்சை அடுப்பு மேடைமேல் வைத்தேன். ரயில் முழுக்க ஒத்திகை பார்த்த பேச்சு நாக்கு நுனியில் காத்திருந்தது. அம்மா முடிச்சைப் பார்த்தாள், என் கால்களில் அட்டைக் கடிகளைப் பார்த்தாள்.

"வெக்கலையா? அப்போ பாக்கி நிக்கறதே. வேண்டிண்டதை விடப்படாது. இன்னொரு தரம் போயிட்டு வந்துடு."

புரட்சி அத்தோடு முடிந்தது. அடுத்த லீவு எப்போது என்று அவளே கேட்டாள். மறுவருஷம் போனேன், தெருவே வழியனுப்பியது. அதற்கடுத்த வருஷமும் போனேன். இடையில், வேண்டுதல் நிறைவேறக் காத்திராமல் கல்யாணம் அதன் பாட்டுக்கு நடந்துவிட்டது. பாக்கி மட்டும் நின்றது.

ஒவ்வொரு முறையும் வைக்காமலே கொண்டுவந்தேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கிளம்புகிற அன்று பைக்குள் கைவிட்டால் முடிச்சு இருக்கும். காசு அதே காசு. துணி மட்டும் புதிது, தோய்த்த மஞ்சள் இன்னும் காயாமல்.