கழுகின் மேல் நான் எறிந்த கல்

கொடைக்கானல் மலையில், கவுஞ்சியில் கால்நடை ஆய்வாளராக இருந்தபோது எனக்குக் 'கல்லெறி மேடம்' என்று ஒரு பெயர் வந்தது. ஏன் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

ஒரு நாள் காலையில் விவசாயி முருகேசன் போன் செய்தார். "டாக்டரம்மா, பசு செத்துக் கெடக்கு. பிணந்தின்னிக் கழுகு வேற வந்து உக்காந்திருக்கு. வெரசா வாங்க."

போனால், எனக்கு முன்பே கொடைக்கானலிலிருந்து கேமராக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். கேரட் தோட்டத்து ஓரம் பசு. மரத்தில் நிஜமாகவே கழுகு. இந்த மலையில் அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. 'பிணந்தின்னி' என்ற சொல்லைத்தான் தினமும் கேட்டிருக்கிறேன். மாட்டு புரோக்கரை, சொத்துக்குக் காத்திருக்கும் மருமகனை, ஆபீஸில் அடுத்தவர் சீட்டுக்கு அலைபவரைத் திட்டுவதற்கு. திட்டு செழிப்பாக இருந்தது, பறவையைத்தான் காணோம்.

"என்ன ஊசி போட்டீங்க?"

"ஊசியெல்லாம் ஒண்ணும் போடலைங்க."

பசுவின் கழுத்தில் ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தது. "பொய் சொல்லாதீங்கண்ணே!" என்று கத்தினேன்.

"கால் வலியில துடிச்சுச்சும்மா. மெடிக்கல்ல மனுசங்களுக்குப் போடுற வலி ஊசிய வாங்கி நேத்துப் போட்டேன். நீங்க வைவீங்கன்னுதான்..."

டைக்ளோஃபினாக். எத்தனை கூட்டத்தில் தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன்! அந்த ஊசி போட்ட மாட்டைத் தின்றால் கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடும். உடனே குழி வெட்டச் சொன்னேன்.

கேமராக்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். "மேடம், ப்ளீஸ். எறங்கி ரெண்டு வாய் தின்னட்டும். ஒரு ஷாட் எடுத்துக்கறோம், அப்புறம் புதைங்க."

"அந்த ரெண்டு வாய்லதான் சார் அது சாகும்."

"ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது மேடம்."

பறவை மேல் அவ்வளவு பிரியம்! பேசிக்கொண்டிருக்கும்போதே கழுகு இறங்கிப் பசுவின் வயிற்றருகே நின்றது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கல்லைப் பொறுக்கி எறிந்தேன். முருகேசன் சாக்கை வீசிக்கொண்டு ஓடினார். கழுகு எழும்பி வடகவுஞ்சிப் பக்கம் போய்விட்டது. குழியை ஆழமாக வெட்டிப் பசுவைப் புதைத்தோம்.

சாயங்காலத்துக்குள் என் படம் ஊரார் போனிலெல்லாம் வந்துவிட்டது. கையில் கல், எதிரே கழுகு. கீழே, 'யார் பிணந்தின்னி?' என்று ஒரு வரி. மேலதிகாரி கூப்பிட்டு, "ஏம்மா, பறவையை அடிக்கிறதா உங்க சோலி?" என்றார். விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

செத்த மாட்டைப் பார்க்கப் போனால், முதலில் என்ன ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள்; எனக்கு அது கடைசிவரை வரவில்லை. அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. எரிச்சல் தாங்காதபோது பெரிதாக்கிப் பார்ப்பேன். கழுகின் அலகு சுத்தமாக இருக்கிறது.