கெல்மாரில் முரசு அடங்கிய மாதம்

"விளையாட்டுல சத்தம் வரலன்னு எழுதறாங்க, அண்ணே" என்றேன்.

"எத்தனை பேரு?" என்று கேட்டார் லோமோட்டே.

"காலைலேர்ந்து நாலாயிரம் பேரு. வாளை ஓங்கி அடிச்சா சத்தமே இல்லையாம். கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தர் புது ஸ்பீக்கரே வாங்கிட்டாராம்."

"வரக் கூடாதுன்னுதானே வச்சிருக்கேன்!"

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர் வாசல்ல காவக்காரன் சொல்றானே. விதை போட்டாச்சு, முப்பது நாளைக்கு முரசு தொடாதீங்கன்னு."

"காவக்காரன்கிட்ட நின்னு யாரு பேசறா? எல்லாரும் குதிரையில பறக்கறாங்க."

"நம்ம ஊர்ல மட்டும் வீடு வீடாப் போயா சொல்றாங்க? முரசு நின்னா தெரியாதா?"

"அவங்க நம்ம ஊர்க்காரங்க இல்லையே, அண்ணே."

பக்கத்து மேசையிலிருந்து எங்கள் மேலாளர் போவாடு எட்டிப் பார்த்தார். அவர் எங்களைப் போல் கா இனத்தவர் அல்ல, உள்நாட்டுக் குமாசிக்காரர். "முரசுத் தடை மாசத்துல சர்ச் மைக்கைத்தான் வருஷா வருஷம் பிடுங்குவீங்க. இப்ப விளையாட்டையும் விட்டு வைக்கலையா?" என்று சிரித்தார். நானும் லோமோட்டேயும் சிரித்தோம். அது புதன்கிழமை. மூன்று நாள்களாகக் கானாவின் தலைநகர் அக்ராவில் மழை.

கெல்மார் என்பது கணினிக்குள் இருக்கும் கற்பனை நாடு. எங்கெங்கோ இருப்பவர்கள் அதற்குள் போய்ச் சண்டை போடுவார்கள், மீன் பிடிப்பார்கள், கல்யாணம்கூடச் செய்துகொள்வார்கள். அதை நடத்தும் கம்பெனி வெளிநாட்டில் இருந்தது. எங்கள் ஆறு பேரிடம் சில்லறை வேலைகளைக் கொடுத்திருந்தார்கள். அந்த நாட்டுப் பண்டிகைகளை எழுதுவது லோமோட்டேயின் வேலை. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். எங்கள் கா மொழியில்தான் எழுதுவார். நான் அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன்.

ஆறு வருடங்களாக அவர் எழுதியவை அடுத்தவர்களின் பண்டிகைகள். டிசம்பரில் பனித்திருநாள், பரிசுப் பெட்டியும் சிவப்புக் குல்லாவும் உண்டு. வசந்தத்தில் வண்ண முட்டைகளைத் தேடும் நாள். இலையுதிர் காலத்தில் செத்தவர்களுக்கு விளக்கேற்றும் இரவு. கெல்மாரில் வைத்த பெயர்கள் வேறு என்றாலும், எது யாருடையது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். பனியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. "ஃப்ரிஜ்ஜைத் திறந்து வச்சுக்கிட்டுதான் எழுதினேன். கரண்ட் பில்லைப் பாத்துட்டு கோர்கோய் ஒரு வாரம் என்கூடப் பேசல" என்பார். கோர்கோய் அவர் மனைவி.

ஏழாம் வருடம், உங்கள் பக்கத்துப் பண்டிகை ஒன்றும் வரட்டும் என்று கம்பெனி கேட்டது. அவர் எங்கள் கா மக்களின் அறுவடைத் திருநாளான ஹோமோவோவைக் கொடுத்தார். கெல்மாரின் மீனவர் பட்டினத்தில் விதைப்பு முடிந்ததும் முரசு, பாட்டு, வாளோசை எல்லாம் அடங்கும். கடல் மட்டும் கேட்கும். முப்பதாம் நாள் தடை நீங்கும். சோளமாவுப் பொங்கலைத் தெருவெல்லாம் தூவிப் பசியைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் முரசுத் தடை விழுந்த அதே திங்கட்கிழமை அங்கேயும் விழும்படி அவர் வைத்திருந்தார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு முன்பே தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன் தடை மாதத்தில்தான் அவருடைய தம்பி லாரியேவைக் கடல் கொண்டுபோனது. தடை இருக்கும்போது எங்களில் சாவுச் சடங்கு கிடையாது. உடலைப் பிணவறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். "சத்தம் போட்டு அழக்கூட முடியல, லாமிலே. தடை எடுக்க முரச மூணு தடவ அடிப்பாங்க பாரு, அந்த முதல் அடியிலதான் எனக்கு வாய் திறந்துச்சு" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு மீனில் முள் எடுக்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முப்பதாம் நாள் விருந்து இருக்கட்டும், பொங்கல் தூவுவது அழகாக இருக்கிறது. சத்தத்தை மட்டும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

"பட்டினி கிடக்காதவன் எந்தப் பசியைப் பாத்துச் சிரிப்பான்?" என்று லோமோட்டே போவாடுவிடம் கேட்டார். "அவங்க திருநாளுக்குப் பனி விழுந்தா குதிக்கிறாங்க. பாதை மூடிடுச்சுன்னு ஒருத்தராவது புகார் எழுதினாங்களா?"

"நியாயம்தான்யா. அங்க போய் யாருகிட்டச் சொல்றது?" போவாடு இப்போது சிரிக்கவில்லை. "நீயே எழுது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

அவர் எழுதினார், மூன்று பக்கம். தம்பியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "அவன வச்சுப் பேரம் பேச மாட்டேன்" என்றார். இருந்ததை இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதினேன். இன்னும் நன்றாக எழுதியிருக்கலாமோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இரண்டு வரியில் பதில் வந்தது. நன்றி, ஆடுகிறவர்களின் மகிழ்ச்சியே முக்கியம்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அந்த மாற்றத்தைச் செய்யும் வேலை எனக்கு வந்தது. செய்யமாட்டேன் என்று நான் சொன்னால் அடுத்த மேசைக்குப் போகும், அவ்வளவுதான். திரையில் ஒரே ஒரு விசை. அதைத் தொட்டால் பட்டினத்தின் எல்லாச் சத்தமும் ஒன்றாகத் திரும்பிவிடும். ஒவ்வொன்றாகத் திறக்க வழியில்லை. அது லோமோட்டேவுக்கும் தெரியும். வெளியே தெரு அடங்கிக் கிடந்தது. எங்கள் ஊருக்கு இன்னும் இருபத்தைந்து நாள் பாக்கி.

அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் திரும்பவில்லை.

"நீயே செய், லாமிலே. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு குரலை இறக்கி, "அதுக்கு முன்னாடி அந்தப் பட்டினத்து முரச மட்டும் மூணு அடி அடிக்க விடறியா? மூணே மூணு. அப்புறம் எல்லாத்தையும் திறந்துவிட்டுடு" என்றார்.