உத்தரவு வரும்வரை நான்கு கோப்பைகள்

விதி தெளிவாகத்தான் இருந்தது. அலுவல் தொடர்புள்ளவரிடமிருந்து அரசு ஊழியர் அன்பளிப்பு பெறலாகாது. அறியாமல் பெற நேர்ந்தால் உடனே மேலிடத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, உத்தரவு வரும்வரை பொருளை வந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். மேலிடம் எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்பதை மட்டும் விதியை எழுதிய புண்ணியவான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

போன வாரம் பேத்தி சென்னையிலிருந்து ஒரு மக் வாங்கி வந்தாள். சுற்றிலும் கலங்கரை விளக்கம், சென்ட்ரல், கட்டுமரம். அதில் காபி ஊற்றிக் கொடுத்தாள். என் கை நடுங்கியது. வயசு என்று நினைத்து அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள். வயசும்தான். ஆனால் பட்டணத்துப் படம் போட்ட பீங்கானைக் கண்டால் நடுங்குவது எனக்கு வாலிபத்திலேயே வந்த வியாதி.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் கட்டட வேலைப் பில்களைச் சரிபார்க்கும் பிரிவில் நான் தற்காலிக குமாஸ்தா. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒண்டுக் குடித்தனம். பட்டணம் போய்வந்த துறையூர்க் காண்டிராக்டர் ஒருவர், நான் இல்லாத நேரத்தில் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். கோவில் பிரசாதம் என்று நினைத்து என் மனைவி வைதேகி வாங்கி வைத்துவிட்டாள். பிரித்தால், வைக்கோலுக்குள் நான்கு பீங்கான் கோப்பைகள். ஒன்றில் மெரினா, ஒன்றில் சென்ட்ரல், ஒன்றில் ஹைகோர்ட். நான் கடைசியில் போய் நிற்கப்போகும் இடம் அதுதான் என்று தோன்றியது. நான்காவதில் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோவில் கோபுரம்.

வேறொருவன் அதில் காபி குடித்திருப்பான். நான் விதி தெரிந்தவன், எழுதிக் கொடுத்தேன். ஹெட் கிளார்க் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்னை யாருய்யா எழுதச் சொன்னா? ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இப்ப நீயே உன் மேல ஃபைலைத் திறந்து வெச்சிருக்க."

அது முடியும்வரை என்னை நிரந்தரமாக்க முடியாது என்றார். முந்தைய வருஷம் ஒரு மூட்டை அரிசிக்காக வேலை இழந்தவர் தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருப்பதையும், என் நன்மைக்காக, நினைவூட்டினார்.

வைதேகி பிறந்த வீட்டில் பீங்கான் புழங்கியதே இல்லை. வாய் வைத்துக் குடிக்கும் பாத்திரம் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்றேன்.

"பெருமாள் கோபுரத்தைக் கீழ வெச்சுட்டு, நீங்க அது மேல படுத்துப்பேளா? நன்னாருக்கு."

ஆக, வாசற்கதவுக்கு மேலிருந்த பலகைக்கு அவை ஏறின. உடைய வேண்டும் என்று தேடினாலும் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. உத்தரவுக்கு முன் ஒன்று உடைந்தாலும் சாட்சியத்தை அழித்த குற்றம் சேரும். கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தப் பழகினோம். கோவிலில் வேட்டுப் போட்டால் சேவிப்பதற்கு முன் பலகையைப் பார்ப்பேன். ஆபீஸிலிருந்து திரும்பும்போதெல்லாம் வைதேகி வாசலில் நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள்.

ஆனி மாதக் காற்று விதிகளைப் படித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு அறைந்தது. கோபுரக் கோப்பை விழுந்து பிடி தனியாகப் போனது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பீங்கானைத் தொடாத வைதேகிதான் அதை எடுத்தாள். அரக்கு வாங்கிவரச் சொன்னாள். ஆபீஸ் அரக்கை எடுத்தால் அது தனிக் குற்றம் என்பதால் கடையில் வாங்கினேன். உருக்கி ஒட்டி முடித்துவிட்டு, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாதமே விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பொருளோடு ஆஜராக உத்தரவு. காவிரிப் பாலத்தின் ஒவ்வொரு குலுக்கலையும் மடியில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவர் மூன்றைப் பார்த்துவிட்டு நான்காவதைப் பிடியிலேயே தூக்கினார். பிடி நின்றது. அரக்கின் சிவப்புதான் காட்டிக்கொடுத்தது.

"ஒட்டியிருக்கு போலிருக்கே?"

"காத்துல விழுந்துடுத்து சார். என் சம்சாரம் ஒட்டினா."

வெகுநேரம் கோபுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வந்த நிலையில இல்ல. அதையும் எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். ஃபைல் மறுபடியும் முதலிலிருந்து புறப்பட்டது. மாமனார் வந்து, பெண்ணைக் கொஞ்ச நாள் அழைத்துப் போகிறேன் என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன என்பது மூவருக்கும் தெரியும். வைதேகி அவருக்குச் சாதம் போட்டு, மோர் ஊற்றி, தனியாகவே பஸ் ஏற்றி அனுப்பினாள்.

அந்தப் பாலம் இப்போது இல்லை. ஹைகோர்ட் உச்சியில் எரிந்த கலங்கரை விளக்கும் கடற்கரைக்குப் போய்விட்டது. வைதேகியும் போய்விட்டாள். உத்தரவு இல்லாத காலமெல்லாம் கண்ணுக்குள் வைத்துக் காத்த கோப்பைகள், உத்தரவு வந்த பிறகு யார் கையில் உடைந்தன, எந்த வீடு மாறும்போது தொலைந்தன என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவில்லை.

விசாரணை நடந்து ஒரு வருஷம் கழித்து வந்த பதில் இரண்டே வரி. பொருள் மதிப்பற்றது, நடவடிக்கை தேவையில்லை, ஊழியரை நிரந்தரமாக்கலாம். அதை எடுத்துக்கொண்டு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாமண்டபத்துக்கு ஓடினேன். படித்துறைக் கூட்டத்தில், முழங்கால் தண்ணீரில், கையில் மஞ்சள் கயிற்றோடு நின்ற வைதேகி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டாள்.

"வேலை இருக்கா?"

"இருக்கு."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று ஆடிப் பதினெட்டு.