உதைத்தது யார்

என் நைனா ஊர் பார்க்க மாமாவை அறைந்தார். அதுவும் திருத்தணி மலைப்படியில், ஆடிக் கிருத்திகை அன்று, தோளில் பூக்காவடியோடு. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த அறை விழுவதற்கு முன்னால் இன்னொரு சத்தம் வந்தது. பம்பைக்கு ஏற்ப நைனா துள்ளி ஆடிக்கொண்டிருந்தார். பட்டென்று காய்ந்த குச்சி ஒடிந்தது போலக் கேட்டது. உடனே திரும்பினார். பின்னால் நின்றது மாமா, அம்மாவின் தம்பி.

“ஏன்டா உதைக்கிற?” பளார்.

அடுத்த படிக்குக் காலை எடுத்து வைத்தார், சரிந்து விழுந்தார். அறை வாங்கிய முகத்தோடு மாமாதான் அவரை முதுகில் சுமந்து கீழே இறக்கினார்.

டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் அசையவேயில்லை. “குதிகால் தசைநார் அறுந்துபோச்சு. யாரும் உதைக்கலைங்க, அறும்போது அப்படித்தான் இருக்கும்” என்றார். வழி இரண்டு. கீறித் தைத்தால் மறுபடி அறுபடுகிற பயம் கொஞ்சம் குறைவு, ஆனால் புண் சீழ் பிடிக்கலாம். தைக்காமல், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப் போட்டாலும், சொன்னபடி கேட்டால் ஒட்டிக்கொள்ளும்.

“தச்சிடலாம் பாவா, நான் கூடவே இருக்கேன்” என்று அக்கா புருஷனிடம் சொன்னார் மாமா.

“உதைச்சவனே வைத்தியமும் சொல்றான். கட்டே போடுங்க சார்” என்றார் நைனா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலைப் பற்றி யோசித்து எடுத்த முடிவா அது? மாமாவைத் தோற்கடிக்க எடுத்தது. கால் ஒட்டிக்கொண்டது என்பதுதான் கொடுமை. மறுபடி விசைத்தறியில் நின்று நெய்தார். “அவன் பேச்சக் கேட்டிருந்தா நொண்டிகினு இருப்பேன்” என்று கடைசிவரை சொன்னார். மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். ஆர்.கே.பேட்டையில் இருந்த தம்பி வீட்டுக்கு அம்மா தனியாகத்தான் போய்வந்தாள்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். யாரும் உதைக்கவில்லை. டாக்டரும் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன வீம்பு? கூசாமல் பொய் சொல்கிற மனுஷன் என்று முடிவுகட்டினேன். அவர் செத்த பிறகும் அந்தக் கோபம் போகவில்லை.

போன மாதம் ரயிலைப் பிடிக்க ஓடினேன். குதிகாலுக்கு மேலே ஓர் உதை. சத்தியமாக உதை. “எவன்டா அது?” என்று கையை ஓங்கிக்கொண்டு திரும்பினேன். பின்னால் ஒருத்தரும் இல்லை.

ஆபரேஷனா, கட்டா என்று டாக்டர் கேட்டார். மாமாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், “யார்டி உதைச்சது?” என்றார்.