ஏழாவது ஜன்னல்

அந்த விமான நிலையத்துக்கு இரண்டு முதலாளிகள். ஏதோ ஒரு போருக்காக அவசர அவசரமாக ஓடுதளம் போட்டார்கள்; தார் காய்வதற்குள் போர் முடிந்துவிட்டது. போட்டதை விட்டுப்போக மனமில்லாமல் ராணுவம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு பயணிகள் விமானம் ஒண்டுக்குடித்தனம் வந்தது. நடுவில் ஒரு மஞ்சள் கோடு. அந்தப் பக்கம் போக ஓர் அட்டை, இந்தப் பக்கம் வர ஓர் அட்டை. இரண்டையும் கழுத்தில் மாட்டியிருந்த ஒரே மனிதர் பட்டாசுக்காரர்தான். வெடி போட்டுப் பறவை விரட்டுவது அவர் வேலை. பறவைகள் அட்டையே இல்லாமல் இரு பக்கமும் போய்வந்தன.

இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், ராணுவக் கொட்டகையில் நின்ற பழைய போர் விமானத்தின் இறக்கை நிழலில் அவர் வாயைப் பிளந்து தூங்கினார். தரையிறங்கிய விமானத்திலிருந்து எவனோ படம் பிடிக்க, அது பத்திரிகையில் வந்துவிட்டது. மேலதிகாரி கூப்பிடுவதற்குள் பட்டாசுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஐயா, ராணுவ ரகசியம் வெளிய போகுது!"

அதற்குப் பிறகு அவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்க யாருக்கு நேரம்? விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மறைப்பு மூடியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. திறந்திருந்தால் ரேடியோவில் சொல்லி விமானத்தை நிறுத்தும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது. வேலிக்கு வெளியே மொட்டைமாடியில் துணி காயப்போடும் பெண்கள் மட்டும் அந்த ரகசியத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவருடைய ஒரே மகளுக்கு வெளிநாட்டில் வேலை. போனால் மூன்று வருஷம். பெட்டி கட்டும்போது கேட்டாள்.

"அப்பா, இடது பக்கம் ஏழாவது ஜன்னல் கிடைச்சிருக்கு. நீங்க நிக்கிற பக்கம்தானே? ஒரு சாண் திறந்து வச்சுக்கட்டுமா?"

அவருக்கு ஆசைதான். ஆனால் பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"சட்டம்னா சட்டம்தாம்மா."

"ஊருக்கே சட்டம் போட்டவராச்சே!" என்றாள் மனைவி, பெட்டியை அமுக்கியபடி.

சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றார். எப்படியும் திறப்பாள் என்று நம்பினார். அவர் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

விமானம் மெல்ல ஊர்ந்து அவருக்கு எதிரே வந்தது. ஒரு ஜன்னல் திறந்திருந்தது. முன்னாலிருந்து எண்ணினார். ஒன்பதாவது. யாரோ ஒரு வழுக்கைத்தலைக்காரர் சிரித்துக் கையாட்டினார். ஏழாவது இறுக மூடியிருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மகள் அவர் பேச்சைக் கேட்டிருந்தாள்.

கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து ரேடியோ கரகரத்தது. "என்னண்ணே, எல்லாம் மூடியிருக்கா?"

"எல்லாம் மூடித்தான் இருக்கு, தம்பி. போகச் சொல்லு."

வழுக்கைத்தலைக்காரருக்குப் பதிலுக்குக் கையாட்டினார். கை என்னவோ ஏழாவது ஜன்னலைப் பார்த்துத்தான் ஆடியது.